பதினொரு தலைகீழ்ப் படங்கள்

“படத்தை நேராப் பிடிங்க தீர்த்தண்ணா.”

“நேராத்தான் மேடம் பிடிச்சிருக்கேன். மெஷின்தான் சிரசாசனம் போடுது.”

ஜெயசெல்வி சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. தீர்த்தகிரிக்கு இது புதிதில்லை. அவர் அடிக்கும் ஜோக்குகளில் பாதிக்கு அந்த அறையில் பல்லி மட்டும்தான் பதில் கொடுக்கும். ஆனாலும் இன்றைக்கு அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் அழுது முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது ஜெயசெல்வியின் துப்பறியும் அலுவலகம். பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். மனிதர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இப்போதெல்லாம் பொருட்களிடம்தான் முதலில் விசாரிப்பாள். தீர்த்தகிரி அவளுக்கு உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம். வயதில் பத்து வருடம் பெரியவர். அதற்கு முன் ஒன்பது வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர்.

அழுத பெண்ணின் பெயர் லிபியா. வயது இருபத்தாறு, மத்திகிரியில் வீடு. சிப்காட்டில் ‘கோமுகி ஸ்டாம்பிங்ஸ்’ என்ற கம்பெனியில் வேலை. வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களைப் பிரஸ் மெஷினில் அடித்துத் தருகிற கம்பெனி அது. அடித்து வரும் பாகத்தில் கீறல் உண்டா, விளிம்பில் பிசிர் உண்டா என்று பார்த்துப் படமெடுத்து வைக்கிற குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இவள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. மெதுவா,” என்றாள் ஜெயசெல்வி.

“உள்ள போறப்பவே நம்ம போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க மேடம். படம் எடுக்கறதுக்குன்னு உள்ள இருக்கறது ஒரே ஒரு கேமராதான். சின்ன டிஜிட்டல் கேமரா, சட்டைப் பாக்கெட்ல அடங்கிடும். அது என் பொறுப்பு. ரிஜிஸ்டர்ல என் பேர்தான் இருக்குது. திங்கக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தேன். அந்நேரம் யாரோ என் டிராயர்ல இருந்து எடுத்துட்டுப் போய், பிரஸ் ஷாப்ல பதினொரு படம் எடுத்துட்டு, மறுபடி அதே டிராயர்ல வெச்சிருக்காங்க. செவ்வாக்கிழமை காலைல கம்ப்யூட்டர்ல மாட்டினா, என் படங்களுக்கு நடுவுல இதுங்க வந்து நிக்குது.”

“அதை எச்.ஆர். பார்த்தாரு.”

“சென்னகிருஷ்ணன் சார். பார்த்தவுடனே, இது புது வண்டிக்கு வரப்போற டை, இதை வெளிய விக்கப் பாக்கறியான்னுட்டாரு.”

டை என்பது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு. அதன் படம் போட்டிக் கம்பெனிக்குப் போனால் இவர்களுடைய ஆறு மாத உழைப்பு போன மாதிரி.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள யார் எடுத்ததுன்னு சொல்லணுமாம். இல்லன்னா என் பேர்ல ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட். போலீஸ் கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா இந்த ஓசூர்ல எந்த கேட்டும் எனக்குத் திறக்காது மேடம். மூணு வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்கறேன். அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றதாச் சொல்லியிருந்தாங்க. எங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. லீவுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

கம்பெனி அவளுக்குக் கொடுத்த மெமோவுடன் அந்தப் பதினொரு படங்களையும் பிரிண்ட் எடுத்து இணைத்திருந்தார்கள். அதில் ஒன்றைத்தான் தீர்த்தகிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

“கீழே வலது ஓரத்துல என்ன இருக்குது?” என்று கேட்டாள் ஜெயசெல்வி.

“தேதி. நேரம். ஒண்ணு ஏழு.”

“நேரா இருக்குதா?”

“இருக்குது.”

“மெஷின்?”

“தலைகீழா.”

“தாளைத் திருப்புங்க.”

தீர்த்தகிரி திருப்பினார். “இப்ப மெஷின் எந்திரிச்சு நின்னுடுச்சு, தேதி கவுந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்குது மேடம்.”

“தேதியைப் போடறது கேமரா. அது எப்பவும் தனக்கு எது கீழயோ அங்கதான் போடும். அப்படின்னா பிரிண்ட் எடுத்தவங்க மேல தப்பில்ல. பதினொரு படத்தையும் கேமராவையே தலைகீழாப் பிடிச்சு எடுத்திருக்காங்க.”

அவள் எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்தாள். இன்சூரன்ஸ் காலத்தில் நசுங்கிய வண்டிகளைப் படமெடுத்த கேமரா. போன் வந்தபிறகு ஓய்வு கொடுத்துவிட்டாலும் அவ்வப்போது சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

“வலது கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்குங்க தீர்த்தண்ணா. இப்ப என்னை ஒரு படம் எடுங்க.”

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. இடது கையால் கேமராவைப் பிடித்த பிறகுதான் தீர்த்தகிரிக்கு வேலையின் கஷ்டம் தெரிந்தது. அமுக்குகிற பொத்தான் மேலே, வலது கோடியில். விரலுக்குப் பிடிப்பாக இருக்கட்டும் என்று வைத்த மேடும் வலது பக்கம். மணிக்கட்டில் மாட்டும் கயிறும் வலது பக்கம். இடது ஆள்காட்டி விரலை எவ்வளவு எக்கினாலும் பொத்தான் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கியபோது கேமரா வழுக்கி மடியில் விழுந்தது.

“இந்தப் பெட்டியைச் செஞ்சவன், உலகத்துல எல்லாருக்கும் வலது கை முழுசா இருக்குதுன்னு நம்பிச் செஞ்சிருக்கான்,” என்றாள் ஜெயசெல்வி. “விடாதீங்க. வேற வழி பாருங்க.”

வேறு வழி கைக்கே தெரிந்திருந்தது. தீர்த்தகிரி கேமராவைத் தலைகீழாகத் திருப்பினார். பொத்தான் இடது பக்கம் அடியில் வந்துவிட்டது. மேடு உள்ளங்கையில் உட்கார்ந்தது. இடது கட்டைவிரல் கீழேயிருந்து பொத்தானை அமுக்கியது. படம் விழுந்தது.

எடுத்த படத்தைப் பார்ப்பதற்காகக் கேமராவை நேராக்கினார். திரையில் ஜெயசெல்வி விட்டத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தாள்.

“எடுக்கறப்ப நேராத்தானே மேடம் தெரிஞ்சீங்க?”

“திரையும் கேமராவோட சேர்ந்துதானே திரும்புது. அதனால எடுக்கறவங்க கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். இந்தப் பதினொரு படத்தை எடுத்தவருக்கும் இந்த நிமிஷம் வரைக்கும் விஷயம் தெரியாது.”

“இடது கைக்காரனாப் பார்த்துப் பிடிச்சுட வேண்டியதுதான். எங்க மாமாகூட இடது கைதான்.”

“உங்க மாமா என்ன வண்டி ஓட்டறாரு?”

“ஆட்டோ.”

“ஆக்ஸிலேட்டரை எந்தக் கைல திருகறாரு?”

தீர்த்தகிரி வலது கையைக் காற்றில் ஒரு தரம் திருகிப் பார்த்தார். “வலதுலதான். அது அங்கதானே இருக்குது.”

“அதேதான். இடது கைக்காரரும் வலது விரல் இருந்தா அதாலதான் அமுக்குவாரு. இப்படிக் கவுத்துப் பிடிக்கறவருக்கு வேற வழி இல்ல. எடுத்தவருக்கு வலது கைல அமுக்கற விரல் கிடையாது.”

லிபியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அதிர்ந்துபோவாள் என்று தீர்த்தகிரி எதிர்பார்த்தார். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை, பயம்தான் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“கேமராவை நீ எந்த செட்டிங்ல வெச்சிருப்பே?” என்று ஜெயசெல்வி கேட்டாள்.

“பூ போட்டது இருக்கும்ல மேடம், அதுல. கிட்ட வெச்சு எடுத்தாத்தான் கீறல் தெரியும். செவ்வாக்கிழமை நான் எடுத்துப் பாக்கறப்பவும் பூவுலதான் இருந்துச்சு.”

ஜெயசெல்வி பூதக்கண்ணாடியை எடுத்துப் பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கறுத்தது. “கெளம்பலாம்,” என்று மட்டும் சொன்னாள்.

*

மதியம் இரண்டு மணி. கோமுகி ஸ்டாம்பிங்ஸ் கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக, தீர்த்தகிரியின் ஆம்னி வேன் நின்றது. உள்ளே மூன்று பேர்.

காலை ஆறு மணிக்குப் போன முதல் ஷிப்ட் வெளியே வரும் நேரம். கேட்டை ஒட்டிய கூரையின் கீழே வருகைப் பதிவு மெஷின் இருந்தது. வெளியே போகிற ஒவ்வொருவரும் அதில் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“வலது விரல் வெக்கறவங்களை விடுங்க. இடது கையை நீட்டறவர்தான் நம்ம ஆள்,” என்றாள் ஜெயசெல்வி.

“இதுக்கா இவ்ளோ யோசிச்சோம்? டீ ஆறறதுக்குள்ள பிடிச்சுத் தர்றேன் பாருங்க,” என்று தீர்த்தகிரி கண்ணாடியை இறக்கினார்.

சங்கு ஊதியது. பிரஸ் ஷாப்பின் நீலச் சட்டைகள் வரிசையாக வந்தன. வலது, வலது, வலது. பிறகு ஒருவர் டிபன் பையை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

“ஒண்ணு. மாட்டினாரு.”

ஆறேழு பேர் தள்ளி இன்னொருவர் இடது கையை நீட்டினார்.

“ரெண்டு. சரி, கூட்டுக் களவாணியா இருக்கும்.”

மூன்றாவது ஆளுக்கும் ஒரு ஜோக் கிடைத்தது. நான்காவது ஆளுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து, ஆறு என்று வெறுமனே எண்ணினார். ஏழாவது ஆள் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி வந்து, இடது ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு நகர்ந்தபோது, அந்த முகத்தைத் தீர்த்தகிரிக்கு அடையாளம் தெரிந்தது. ஏழு பேரில் நான்கு பேரை அவருக்குத் தெரியும். அவருடைய பஸ்ஸில் வருடக்கணக்காக வந்தவர்கள். பஸ் கண்ணாடியில் முகங்களைத்தான் பார்த்திருக்கிறார், கைகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

“ஏழு மேடம்,” என்றார். “அறுபது பேர் வந்தாங்க. அதுல ஏழு.”

அந்த ஏழாவது ஆள் சாலையைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். வேனுக்குள் லிபியாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போக இரண்டடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நேராக வேனின் ஜன்னலுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“கண்ணு, உம்மேல வந்து விழும்னு சத்தியமா நெனைக்கல,” என்றார் லிபியாவிடம். “வா, நான் வந்து ஒத்துக்கறேன்.”

“முனிசாமிண்ணே, நீங்கதானா,” என்றாள் லிபியா. பாதி தெரிந்ததைக் கேட்கிற குரல்.

ஜெயசெல்வி கதவைத் திறந்து அவரை உள்ளே உட்காரவைத்தாள். “யாருக்காக எடுத்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“நாலாம் நம்பர் பிரஸ்ஸு மேடம். ரெண்டு கை பட்டன் இருக்கும். ரெண்டையும் ஒண்ணா அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள கை மாட்டாது, அதுக்குத்தான் அப்படி வெச்சிருக்கறது. ஆனா ரெண்டு கையும் அங்க இருந்தா தகடு வெக்கறதுக்கு நேரமாவுது, எண்ணிக்கை கொறையுது. அதுக்காவ ஒரு பட்டனை அமுக்கின வாக்குலயே சைக்கிள் ட்யூப்பைச் சுத்திக் கட்டிட்டாங்க. ஒரு கை பட்டன்ல, ஒரு கை டைக்குள்ள.” அவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. “இது அந்த நாலாம் நம்பர்லதான் போச்சு. ஆஸ்பத்திரில பைக்ல இருந்து விழுந்தேன்னு எழுதிக் குடுத்தாத்தான் மறுபடி வேலைன்னாங்க. எழுதிக் குடுத்தேன்.”

“இப்ப அந்த மெஷின்ல யாரு?”

“சம்பங்கின்னு ஒரு பொண்ணு. கல்லாவிப் பக்கம். ட்ரெய்னிங்குக்கு வந்து பத்து நாளாவுது. ஜெனரல் ஷிப்ட்ல இருக்குது. இப்பவும் அது அங்கதான் நிக்குது.” முனிசாமி கேட்டைக் காட்டினார். “வேணாம் கண்ணுன்னு சொன்னேன். சூப்பர்வைசர் சொல்றாரு மாமா, நான் சூதானமாத்தான் பண்றேன்னுது. நானும் அப்ப அப்படித்தான் சொன்னேன். எங்கன்னா எழுதிப் போடலாம்னா ஆதாரம் வேணும்னாங்க. அதுக்குத்தான் அந்தப் பொண்ணு சாப்பிடப் போன நேரத்துல எடுத்தேன். அப்பறமா லிபியாகிட்ட சொல்லிப் பிரிண்ட் வாங்கிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு.”

“நீங்க வீட்டுக்குப் போங்க,” என்றாள் ஜெயசெல்வி. “நீங்க ஒத்துக்கிட்டா உங்களை வெளிய அனுப்புவாங்க. ட்யூப் அங்கயேதான் இருக்கும்.”

அவர் போனபிறகு தீர்த்தகிரி வெகு நேரம் வண்டிச் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். லிபியாவின் வேலையைக் காப்பாற்ற ஒரு பெயர் போதும். அந்தப் பெயர் இப்போது கையில் இருக்கிறது. அதைச் சொல்லவும் முடியாது, சொல்லாமலும் முடியாது.

*

கேட்டில் செக்யூரிட்டி கன்னடத்தில், “போன் கொடி சார்,” என்று கை நீட்டினான். தீர்த்தகிரியின் பட்டன் போனைப் புரட்டிப் புரட்டிக் கேமராவைத் தேடிக் கிடைக்காமல், பேட்டரி மூடியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தான்.

எச்.ஆர். அறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். மெஷின்கள் இறங்கும் சத்தம் மேஜை வழியாகக் கைக்கு வந்தது. மற்ற சத்தங்களைவிட ஒன்று கிட்டத்தில், வேகமாக, விடாமல் தடக் தடக் என்று கேட்டது. அது நாலாம் நம்பர் என்று லிபியா முணுமுணுத்தாள். அதன்பிறகு தீர்த்தகிரியின் காதுக்கு வேறெதுவும் சரியாக விழவில்லை. ஒவ்வொரு தடக்குக்கும் ஒரு கை உள்ளே போய் வெளியே வருகிறது என்ற நினைப்பு அவரை உட்காரவிடாமல் செய்தது.

சென்னகிருஷ்ணன் ஐம்பது வயதுக்காரர். மரியாதையான மனிதர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ஏ.சி. போதுமா என்று விசாரித்தார். மேஜை மேல் அந்தச் சின்ன வெள்ளிநிறக் கேமரா இருந்தது.

“சொல்லுங்க மேடம். யார் எடுத்தது?”

“முதல்ல எதை எடுத்தாங்கன்னு பார்க்கலாம் சார்,” என்று ஜெயசெல்வி ஒரு பிரிண்ட்டை அவர் முன்னால் தள்ளினாள். “புது டையைத் திருடப் படம் எடுத்ததாச் சொல்றீங்க. இதுல டை தெரியுதா?”

“தெரியுதே.”

“உருவம் தெரியுது. ஒரு அளவாவது எடுக்க முடியுமா? பதினொரு படத்துலயும் டை கலங்கியிருக்குது. ஏன்னா கேமரா பூ செட்டிங்ல இருந்திருக்குது. அதுல கிட்ட இருக்கறது மட்டும்தான் தெளிவா விழும். எடுத்தவங்க அதை மாத்தல, மாத்தத் தெரியாது. லிபியா தினம் இதே கேமராவுல நாற்பது படம் எடுக்கறவ. டையை எடுக்கணும்னா அவளுக்குத் தெரியாதா? அடுத்தது, இந்தப் படத்துல தெளிவா இருக்கறது என்னன்னு பாருங்க.” தாளைத் திருப்பி ஒரு மூலையில் விரலை வைத்தாள். “பட்டன். அதைச் சுத்தின கறுப்பு ட்யூப். முடிச்சுகூடத் தெரியுது. எடுத்தவங்க கேமராவை அதுக்கு நேராக் கிட்டக் கொண்டுபோயிருக்காங்க. இது டைக்காக எடுத்த படமே இல்ல.”

சென்னகிருஷ்ணன் தாளைப் பார்க்கவில்லை. ஜெயசெல்வியைப் பார்த்தார்.

“எனக்கும் கண்ணு இருக்குது மேடம்,” என்றார் நிதானமாக. “நேத்தே பார்த்துட்டேன். தலைகீழா இருக்கறதையும் பார்த்தேன். ஏன் தலைகீழ்னு என் வீட்லயே கேமராவைக் கையில வெச்சுப் பார்த்தேன். முதல் ஷிப்ட்ல அந்த மாதிரி கை உள்ளவங்க ஏழு பேர். அதுல யாருன்னு எனக்குத் தெரியணும். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா அந்த ஆள் தானா வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பான். சொன்னானில்ல? பேரைச் சொல்லுங்க. ஆளுக்கு விரல் இல்லைங்கறதையும் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க. லிபியாவுக்கு இன்னிக்கே வேலை. மேலிடத்துக்கு நானும் பதில் சொல்லணும், என்ன பண்றது.”

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. லிபியா குற்றவாளி என்று இந்த மனிதர் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. அவளைத் தூண்டிலில் மாட்டிப் போட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனமாகத் துப்பறிந்து, அந்தத் தூண்டிலை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்தான். பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

“எழுதறேன் சார்,” என்றாள் ஜெயசெல்வி.

லிபியா நிமிர்ந்தாள். “மேடம், வேணாம்.”

“லெட்டர்ஹெட் கொடுங்க சார். படம் எடுத்தவருக்கு வலது கை விரல் இல்லை. அந்த மாதிரி முதல் ஷிப்டில் ஏழு பேர் இருப்பதாக எச்.ஆர். மேலாளர் தெரிவித்தார். ஏழு பேர் பட்டியல் இணைப்பு. இப்படி எழுதறேன். கீழ நீங்க கையெழுத்து போட்டு சீல் வெச்சுடுங்க. ஸ்டேஷன்ல எப்படியும் கேப்பாங்க, ஏழு பேருக்கும் விரல் எங்க போச்சுன்னு. அதனால உங்க விபத்து ரிஜிஸ்டரையும் எடுத்துட்டுப் போங்க. அதுல எத்தனை பேர் இருக்காங்க சார்?”

சென்னகிருஷ்ணன் மேஜை மேல் இருந்த கேமராவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“ஒருத்தரும் இல்ல,” என்று அவளே சொன்னாள். “எல்லாரும் பைக்ல இருந்து விழுந்தவங்க. ஏழு பேரும் விழுந்தாங்க. ஏழு பேருக்கும் வலது கை. ஏழு பேருக்கும் விரல் மட்டும்.”

“ஓசூர் ரோட்ல பள்ளத்தை அவ்ளோ கணக்காத் தோண்டி வெச்சிருக்காங்க சார்,” என்றார் தீர்த்தகிரி. சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

சுவருக்கு அப்பால் தடக் தடக் என்று நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் உள்ளுக்குள் என்னவோ இருந்திருக்க வேண்டும். பிறகு கேமராவைக் கையிலெடுத்தார்.

“சரி. யாரும் எதையும் எடுக்கல,” என்றார். குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அமுக்கினார். ஒரு படம் போயிற்று. மறுபடி அமுக்கினார். பதினொரு முறை. “கம்ப்யூட்டர்ல இருந்ததை நேத்தே அழிச்சாச்சு. மெமோவைத் திரும்ப வாங்கிக்கறேன். அந்தப் பிரிண்ட்டெல்லாம் வெச்சுட்டுப் போங்க. லிபியா, நீ வேலையைப் பாரு. அடுத்த மாசம் பேசினது பேசினபடி.”

“பட்டன் சார்?” என்றாள் ஜெயசெல்வி.

“அது உற்பத்திப் பிரிவு. எனக்கு அதுல சம்பந்தம் இல்ல மேடம்.”

லிபியா எழுந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். “கேமராவைக் கொடுங்க சார். ஜெனரல் ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்குது,” என்று வாங்கி, கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போனாள். யாரையும் பார்க்கவில்லை.

போகிறவளைப் பார்க்கத் தீர்த்தகிரிக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. வேலை கிடைத்ததும் நடையைப் பார், என்று மனம் சொன்னது. அந்த ஆத்திரம் நியாயமில்லை என்றும் தெரிந்தது. அவளும் என்னதான் செய்வாள்.

வெளியே வராந்தாவில், கேட் பாஸில் கையெழுத்துக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தார்கள்.

“ஜெயிச்சுட்டமா மேடம்?”

“இல்லண்ணா. லிபியா தப்பிச்சா, முனிசாமி தப்பிச்சாரு. அந்தப் பொண்ணு கை இன்னும் உள்ளதான் போயிட்டு வருது. ஆதாரம் ஒண்ணுகூட இல்ல.” இரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பேசித் தீர்த்தகிரி கேட்டதில்லை.

அப்போது தடக் சத்தம் நின்றது.

மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலாம் நம்பர் மட்டும் நின்றுவிட்டது. தீர்த்தகிரி கேட் பாஸை எறிந்துவிட்டு, ஐம்பது வயதையும் முதுகுவலியையும் மறந்து, பிரஸ் ஷாப் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னால் ஜெயசெல்வி, அவளுக்குப் பின்னால் சென்னகிருஷ்ணன்.

ரத்தம் இல்லை. கூட்டம்தான் இருந்தது. நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் லிபியா நின்றிருந்தாள்.

குவாலிட்டி இன்ஸ்பெக்டர் கையில் இருக்கிற ஒரே அதிகாரம் அந்த அட்டை. பாகம் தப்பாக வந்தால் மெஷினில் அதை மாட்டலாம். மாட்டிவிட்டால், மாட்டியவர் எடுக்கிறவரை முதலாளியே வந்தாலும் மெஷினை ஓட்டக்கூடாது. காரணத்தையும் பெயரையும் எழுதிப் படத்தோடு ரிப்போர்ட் போட வேண்டும். அந்த ரிப்போர்ட் அப்போதே, பாகங்களை வாங்குகிற பெங்களூர்க் கம்பெனிக்கும் மெயிலில் போய்ச் சேரும். அது வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை. யாராலும் அதை அழிக்க முடியாது.

“பீஸ் எல்லாம் சரியாத்தானே வருது? என்ன குறைன்னு நிறுத்தின?” என்று சூப்பர்வைசர் அட்டையைப் பிடித்து இழுக்கப் போனார்.

“பீஸ்ல குறை இல்ல சார். பட்டன்ல. படம் எடுத்து அனுப்பிட்டுத்தான் அட்டையை மாட்டினேன்.”

சென்னகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. “யாரைக் கேட்டு அனுப்பினே லிபியா? இப்பத்தானே உனக்கு வேலையைக் கொடுத்துட்டு வந்தேன்? மேல கேட்டா நான் யார் பேரைச் சொல்லட்டும்?”

“என் பேரைச் சொல்லுங்க சார். அட்டையில எழுதியிருக்கேன். இன்ஷியலோட,” என்றாள். ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பக்கத்தில், தொப்பிக்குள் முடியைச் செருகிய ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். இத்தனை பெரிய மனிதர்கள் எதற்குச் சத்தம் போடுகிறார்கள் என்று சம்பங்கிக்குப் புரியவில்லை. மெஷின் நின்றுவிட்டதால் இனி வேலை இல்லை என்று மட்டும் தெரிந்தது. டைக்குள் பாதியில் நின்றுபோயிருந்த தகட்டை, குனிந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு எடுத்து வெளியே வைத்தாள்.